வெள்ளிப் பூச்சு

வெள்ளைத்தாய் சொன்ன சேதியைப் பற்றி இன்பம் இன்னும் மகளிடம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவளைத் தெருமுனையில் நிறுத்தி, "நர்ஸம்மா, தப்பா நெனைக்காதீக. உங்க ஜெபிஷா பஸ் ஸ்டாண்டுல ஒரு பையங்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டு நின்னா. காசிராஜன் முதலாளி மகன் மாதிரி தெரிஞ்சுது. பாத்ததைச் சொன்னேன், அம்புட்டுத்தான்" என்று காதில் போட்டுவிட்டுப் போயிருந்தாள் அடுத்த வீட்டு வெள்ளைத்தாய். அன்றிலிருந்து அது மீன்முள்ளாக இன்பத்தின் தொண்டையில் நின்றது.

கேட்டால் மகள் "ஆமாம்" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். காசிராஜன் பட்டாசு ஆலை வைத்திருப்பவர். இன்பத்தின் வீட்டுக்குள்ளோ பட்டாசு என்ற சொல்லே வருவதில்லை.

இன்று கேட்கிற நாளும் இல்லை. இன்று தேவாசீர்வாதத்தின் நினைவு நாள். மாலையில் போதகர் வந்து வீட்டில் ஜெபம் நடத்துகிறார். மகன் ஜெப்ரின் விடிந்ததுமே அப்பாவின் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். புல் பிடுங்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து வைக்க வேண்டும்.

தேவாசீர்வாதம் பட்டாசு செய்தவர் இல்லை. அச்சகத்தில் வண்ணம் பார்க்கிறவர். பட்டாசுப் பெட்டி லேபிளில் ஒரு சிவப்பு கொஞ்சம் மஞ்சளடித்தாலும் மெஷினை நிறுத்தச் சொல்லுவார். சீசன் நெருக்கடியில் ஓட்டுநர் வராததால், லேபிள் கட்டுகளைத் தானே வேனில் ஏற்றிக்கொண்டு சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குப் போனார். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு இன்பம் வீட்டில் தீப்பெட்டி வைப்பதில்லை. சாமான் துடைக்க மண்ணெண்ணெய் இல்லை. பெயிண்ட் வாடை, தின்னர் வாடை எதுவும் வாசல்படி தாண்டக் கூடாது. வேலை பார்ப்பதோ அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில். வேறு வார்டு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கொத்துக்கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் மணி பார்த்தாள். வெயில் ஏறிவிட்டது. மகள் இன்னும் குளிக்கவில்லை.

"ஏட்டி ஜெபிஷா! போதகர் வர்ற நேரத்துல எண்ணெய் வடியிற மூஞ்சியோட நிக்கப் போறியா?"

"வர்றேன்ம்மா. றெக்கை மட்டும் மிச்சம்."

"அந்தப் பிளேனு நீ இல்லாட்டிப் பறந்தா போயிரும்?"

"பறந்துட்டா நல்லதுதான்னு உனக்கு நெனப்பு."

இன்பத்துக்குச் சிரிப்பு வந்தது. டீயை ஆற்றி எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

அது தேவாசீர்வாதத்தின் அறை. மேசை மேல், விரித்த செய்தித்தாளின் நடுவில், அந்த விமானம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் ஓட்டிய சண்டை விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி, துண்டுகளை ஒட்டிச் செய்வது. பெயர் ஹயபூசா; அதே பெயரில் ஒரு பெரிய பைக்கும் உண்டு. பார்சல் வந்த அன்று ஜெப்ரின், "அப்பா, பைக்கா வாங்கியிருக்கீங்க?" என்று குதித்து வந்து, பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளைப் பார்த்து முகம் தொங்கிப் போனான். தேவாசீர்வாதம் உடம்பின் இரண்டு பாதிகளை மட்டும் ஒட்டி, ரப்பர் பேண்டு சுற்றிக் காய வைத்திருந்தார். அந்த ரப்பர் பேண்டு இற்றுப்போகிற வரை யாரும் அதைத் தொடவில்லை.

இந்த வருஷம்தான் ஜெபிஷா எடுத்தாள். அப்பாவின் அச்சகத்திலேயே அப்பாவின் வேலையைப் பார்க்கிறவள். துண்டுகள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டினாள். வெட்டிய இடத்தை நகம் தேய்க்கிற அரத்தால் தேய்த்தாள். விமானி உட்காரும் இருக்கைக்கு ஊசி முனையால் வார் வரைந்தாள். சிறகை விரித்தால் ஒரு சாண் வரும். அதற்குள் சக்கரம், துப்பாக்கி, கண்ணாடிக் கூண்டு எல்லாம் உண்டு. சிறகில் வரும் சிவப்பு வட்டத்துக்கு மட்டும் வாரக்கணக்கில் வண்ணம் கலந்தாள். அப்பா இருந்தால் எந்தச் சிவப்பை ஒத்துக்கொள்வாரோ, அது வரும் வரை.

மிச்சம் இருந்தது மேல் பூச்சு. இந்த வகையில் சில விமானங்களுக்கு ஜப்பான்காரன் பெயிண்ட்டே அடிக்காமல் அலுமினியத் தகட்டை அப்படியே விட்டிருந்தானாம். பிளாஸ்டிக் தகடாகத் தெரிய வேண்டும். கடையில் வாங்கிய வெள்ளியைப் பூசிப் பார்த்தபோது இன்பமே, "என்னட்டி, பீரோ மாதிரி இருக்கு?" என்றாள். ஜெபிஷா மூன்று நாள் பேசவில்லை. முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டாள்.

இப்போது பூசியிருந்தது பீரோ மாதிரி இல்லை. ஒரு சிறகு நிஜமாகவே உலோகமாகிவிட்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"நல்லாருக்குட்டி" என்றாள் இன்பம். மனதார.

"வாடையே இல்ல பாத்தியா? உனக்காகத்தான். தின்னர் கிடையாது. தண்ணியில கரையிற வார்னிஷ். நீ பயப்படாம இருக்கணும்னே தேடி வாங்குனேன்."

மகள் கை நீட்டி டீயை வாங்கினாள்.

இன்பம் தம்ளரை விடவில்லை.

மகளின் விரல் நுனிகள் சாம்பல் நிறமாக இருந்தன. நகக்கண்ணில், ரேகைக்குள், வழுவழுவென்று ஈயம் தேய்த்தது போன்ற சாம்பல். பெயிண்ட் இப்படிப் படியாது. அந்தச் சாம்பலை இன்பத்துக்குத் தெரியும். வார்டுக்கு வருகிறவர்களின் நகத்தில் அதுதான் இருக்கும். உடம்பில் மற்றதெல்லாம் போனாலும் நகக்கண்ணில் அது மட்டும் போகாது.

"இது என்ன?"

"சில்வரு."

"கடையில வாங்குனதா?"

"ம்."

"ஜெபிஷா."

மகள் தலையைக் குனிந்தாள். அவள் கண் போன திசையில் இன்பமும் பார்த்தாள். மேசை ஓரத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா, மூடி திறந்தபடி. அதில் பாதிக்குச் சாம்பல் பவுடர். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசை, செய்தித்தாள், ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் மெல்லிய சாம்பல் மினுக்கம்.

அலுமினியப் பவுடர். பட்டாசுக்கு வெளிச்சம் தருகிற பவுடர்.

"இதையா தண்ணி வார்னிஷ்ல கலந்த?"

"கொஞ்சம் நுரைச்சுது. காலையில தெறந்தா சோடா மாதிரி 'புஸ்ஸு'ன்னுது. காஞ்சிரக் கூடாதுன்னு இறுக்கி மூடி வச்சிருக்கேன்."

ஜன்னல் திட்டில் ஒரு ஜாம் பாட்டில். வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. தகர மூடி நடுவில் உப்பிக் குடையாக நின்றது.

இன்பம் விரல் நுனியால் பாட்டிலைத் தொட்டாள். வெயில் சூடு இல்லை அது. உள்ளேயிருந்து வந்த சூடு.

வார்டில் அவள் கேட்டிருக்கிறாள். வலி மறக்க ஊசி போட்ட பிறகு சிலர் பேசிக்கொண்டே இருப்பார்கள். பவுடர் ஈரமாச்சு சிஸ்டர். சூடாச்சு. நாங்க கவனிக்கல சிஸ்டர்.

"வெளிய வா" என்றாள். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

"சூடா இருக்கா? இரு, தண்ணிக்குள்ள வைக்கிறேன்." ஜெபிஷா மேசையில் இருந்த தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாள்.

இன்பம் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். சொம்பு இருவர் கையிலும் ஆடியது. விளிம்பு வரை நீர் வந்து நின்றது. கீழே, ஒரு முழத்தில், திறந்த டப்பா.

"ஆட்டாத. ஒரு சொட்டு அதுல விழக்கூடாது. அப்படியே என்னோட நட."

இருவரும் சொம்பைப் பிடித்தபடி, குழந்தையைத் தூக்கிப் போவதுபோல, பின்பக்கமாகவே நடந்து அறையை விட்டு வந்தார்கள். வந்ததும் இன்பம் சொம்பை முற்றத்துத் தரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி தண்ணீர் அங்கேயே கொட்டியது.

"ஃபேனை அமத்திட்டு வர்றேன்" என்றாள் மகள்.

"சுவிட்சைத் தொட்டுராத! பொறி வரும்!"

இன்பம் வாசலுக்கு ஓடி மீட்டர் பெட்டியில் மெயினை இறக்கினாள். வீடு முழுக்கச் சத்தம் அடங்கியது. திரும்பினால் முற்றத்தில் ஜெபிஷா இல்லை.

பின்னறை வாசலில் அவள் முதுகு தெரிந்தது.

"பிளேனை மட்டும் எடுத்துருதேன்ம்மா! ஒரு செகண்டு!"

இன்பம் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. படி தாண்டிவிட்ட மகளின் பின்னலைக் கையில் சுற்றி ஒரே இழுப்பு. ஜெபிஷா அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள்.

"உங்கப்பாவும் இதைத்தான் சொன்னாரு!"

மகள் அப்படியே கிடந்தாள்.

"மொதச் சத்தத்துலயே வெளிய வந்துட்டாருட்டி உங்கப்பா. ஒரு சிராய்ப்பு இல்ல. வேன் பக்கத்துல நின்னு தண்ணி குடிச்சிருக்காரு. லேபிள் கட்டு உள்ள இருக்கு, தீயணைக்கிற தண்ணியில நனைஞ்சிரும், ஒரு நிமிஷம்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனாரு. ரெண்டாவது அப்பத்தான் வெடிச்சுது. காயத்தோட என் வார்டுக்கு வந்த பொம்பளை சொல்லி எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லல. எப்படிச் சொல்லுவேன், பேப்பருக்காகத் திரும்பிப் போனாருன்னு!"

எட்டி உதைத்து அறைக் கதவைச் சாத்தினாள்.

பாட்டில் வெடித்தது.

பெரிய சத்தம் இல்லை. சோடா பாட்டில் உடைகிற சத்தம்தான். ஆனால் கதவின் உட்புறம் சரசரவென்று எதுவோ வந்து குத்தியது. இன்பம் மகளின் மேல் கவிழ்ந்து படுத்தாள். அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தாள். மகளின் இதயம் அடிப்பது தன் இதயத்துக்குக் கீழே கேட்டது. 'கர்த்தாவே, கர்த்தாவே' என்பதைத் தவிர ஜெபத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

அடுத்த சத்தம் வரவில்லை.

"நர்ஸம்மா!" வாசலில் வெள்ளைத்தாய். "உங்க வீட்ல ஏதோ உடைஞ்ச சத்தம் கேட்டுச்சேன்னு... அய்யய்யே, என்ன ஆத்தாளும் மகளும் பட்டப்பகல்ல இப்படிக் கட்டிப்பிடிச்சு உருளுறீக?"

"அக்கா, வெளிய போங்க. அடுப்பு எரியுதா உங்க வீட்ல?"

"குழம்பு கொதிக்கே!"

"அணைங்க. மொதல்ல அணைங்க!"

நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்த வெள்ளைத்தாய் மறுபேச்சுப் பேசாமல் ஓடினாள்.

ஜெபிஷா போனை எடுத்து யாரிடமோ பேசினாள். பேசியது நாலே வார்த்தை. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ராம்குமார்ம்மா. காசிராஜன் மகன். பவுடர் அவன் குடுத்தது."

தொண்டையில் நின்ற முள் இறங்கிவிட்டது. ஆனால் இன்பத்துக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

ராம்குமார் வந்த கோலத்தைப் பார்த்து வெள்ளைத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். வருகிற வழியில் ஏதோ பட்டாசுக் கடை வாசலில் தொங்கிய சிவப்பு மணல் வாளிகளை, கேட்காமல் கழற்றி, பைக்கின் இரண்டு கைப்பிடியிலும் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். கடைக்காரன் கொஞ்ச தூரம் துரத்தியிருக்கிறான்.

"எங்க?" என்றான்.

"தம்பி, உள்ள போக வேண்டாம்" என்று வழியை மறித்தாள் இன்பம். "உங்க வீட்ல வந்து என்னால பதில் சொல்ல முடியாது."

"உள்ள போகலம்மா. பின்னாடி ஜன்னல் வழியா முதல்ல காத்து போகட்டும். ஜெபி, எண்ணெய் வார்னிஷ்லதான கலந்த?"

"தண்ணியில."

அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. "தண்ணி பட்டா இந்தப் பவுடர் சூடாகி, எரியிற வாயு கிளம்புமே! அச்சுக்கு சில்வர் மை கலக்குறவதான நீ! அங்க எண்ணெய்லதான கலப்ப?"

"அம்மாவுக்கு வாடை ஆகாது. எண்ணெய்னா தின்னர் வேணும்." ஜெபிஷா முதல் தடவையாக அழுதாள். "தண்ணின்னா ஆபத்தே இல்லன்னு நெனச்சேன்."

இன்பம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தின்னரைத் தடுத்தது அவள். நெருப்பு வரக்கூடாது என்று ஒவ்வொன்றாக வீட்டை விட்டு விரட்டியவள், தண்ணீரை விரட்டவில்லை.

ஜன்னல் கதவுகள் திறந்து நெடுநேரம் ஆன பிறகுதான் ராம்குமார் அறைக்குள் கால் வைத்தான். செருப்பு உரசிப் பொறி வரக்கூடாது என்று வெறுங்காலோடு, கண்ணாடிச் சில்லு இல்லாத இடம் பார்த்து. டப்பாவில் ஒரு சொட்டும் தெறித்திருக்கவில்லை. டப்பாவின் மேல் கைப்பிடி கைப்பிடியாக, தூசி கிளம்பாமல், மணலைத் தூவி மூடினான். இரண்டாவது வாளியைக் கொடுக்க இன்பம் கதவருகில் வந்தபோது பதறிப்போய்க் கத்தினான்:

"அத்தை, தள்ளி நில்லுங்க! காலு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது. காது மடல் சிவந்துவிட்டது. ஜெபிஷா தரையைப் பார்த்தாள். இன்பம் காலை நகர்த்திக்கொண்டாள். அவள் பாதத்துக்கு ஒரு விரல் தள்ளி, கத்தி மாதிரி ஒரு சில்லு நின்றது.

கடைசியாக விமானத்தை எடுத்து வந்தான். கண்ணாடிக் கூண்டு நொறுங்கியிருந்தது. பூச்சு காயாத சிறகில் ஏழெட்டுச் சில்லுகள் வரிசையாகத் தைத்திருந்தன. சிறகு பூசும்போது ஜெபிஷா விமானத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள் என்பது இன்பத்துக்குத் தெரியும். அந்தச் சில்லுகளை இன்பம் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

"எங்க ஆலைக்குள்ள கொலுசு, மோதிரம் போட்டு ஒரு ஆளை விடமாட்டோம்மா" என்றான் ராம்குமார். வேர்த்துக் கொட்டியது. "அம்புட்டு சட்டம் பேசுற நானே பவுடரை டிபன் பையில வச்சு எடுத்துட்டு வந்துருக்கேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிருவாரு. தெரியணும். நானே சொல்லிருதேன்."

பேசிக்கொண்டே மணல் மூடிய டப்பாவைத் திரும்பிப் பார்த்தவன், நிறுத்தினான்.

"ஜெபி. நான் டப்பா நிறையக் குடுத்தேன். மணல் போடுறப்ப பாதிதான் இருந்துச்சு. அந்த ஜாம் பாட்டில்ல இம்புட்டுப் பிடிக்காதே?"

ஜெபிஷா வாசல் பக்கம் பார்த்தாள்.

"ஏட்டி, சொல்லு."

"இன்னொரு பாட்டில் கலந்தேன்ம்மா. அண்ணன் கேட்டான். அப்பா கல்லறையில பேரு மங்கிப் போச்சாம். வெள்ளையடிச்சுட்டு, எழுத்தை மட்டும் வெள்ளியில எழுதிருவோம்னான். நான்தான் இறுக்கி மூடிக் குடுத்தேன்."

"எங்க வச்சுருந்தான்?"

"பைக்ல. டேங்க் கவர்ல செருகிக்கிட்டுப் போனான்."

பெட்ரோல் டேங்க். புரட்டாசி வெயில். ராம்குமார் அதற்குள் ஜெப்ரின் எண்ணைத் தட்டிவிட்டிருந்தான். மூவரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள்.

போன் அடித்தது. முன்னறையில், தேவாசீர்வாதத்தின் படத்துக்குக் கீழே, சார்ஜரில் போட்டபடி அடித்தது.

"யாரு இருக்காக அங்கன? தோட்டக்காரன் நம்பர் இருக்கா?" என்றான் ராம்குமார்.

"தோட்டக்காரர் கிடையாது. ஆனைக்குட்டம் ரோட்டுல ஒத்தையில கெடக்க இடம்" என்று சொல்லிக்கொண்டே இன்பம் வாசலுக்கு வந்துவிட்டாள். "ஜெபிஷா, நீ அக்கா வீட்ல இரு. இந்தக் கதவைத் திறந்தா என் முகத்துல முழிக்காத."

வெள்ளைத்தாய் பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. இன்பம் சேலையை ஒதுக்கிக்கொண்டு காசிராஜன் மகனின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள். சட்டை ஈரமாக இருந்தது.

"பிடிச்சுக்கிட்டீகளா? பையத்தான் போவேன்" என்றான்.

"பைய எதுக்கு?" என்றாள் இன்பம். "வேகமாப் போலே."